செறிவு குறைந்தால் தரம் குறையுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆராய்ச்சி அணு உலைகள் பற்றிய தங்கள் செய்தியில், குறைந்த செறிவு யுரேனியத்தை 'தரம் குறைந்த எரிபொருள்' என்று எழுதியிருந்தீர்கள். யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 இன் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது குறைந்த செறிவு. ஆயுதப் பயத்தால் வைத்த வரம்பு அது; தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிக்கல் இடத்தில்தான். 93 சதவீதச் செறிவிலிருந்து 20க்கு இறங்கினால், அதே அளவு யுரேனியம்-235 கிடைக்க நாலரை மடங்குக்கும் மேல் யுரேனியத்தைத் திணிக்க வேண்டும். வழக்கமான எரிபொருள் தட்டின் மொத்தக் கனமே 1.27 மி.மீ.; அதில் எரிபொருள் அரை மி.மீ., மீதி இருபுறமும் அலுமினிய உறை. தட்டுகளுக்கு நடுவே நீர் ஓட வேண்டியிருப்பதால் கனத்தைக் கூட்ட வழியில்லை, அடர்த்தியைத்தான் கூட்ட வேண்டும். யுரேனியமும் சிலிக்கனும் சேர்ந்த சேர்மமான யுரேனியம் சிலிசைடில் கன செ.மீ.க்கு 4.8 கிராம் யுரேனியம் வரை ஏற்றலாம். மும்பை டிராம்பேயில் 2018இல் இயங்கத் தொடங்கிய அப்சரா-யு உலையில் இருப்பது சிலிசைடுதான். அதிகத் திறன் உலைகளுக்கு அது பற்றாது. அங்கேதான் யுரேனியம்-மாலிப்டினம் உலோகக்கலவை வருகிறது: தூளாக்கி அலுமினியத்தில் கலந்தால் 8 கிராம் வரை ஏறும்.

தனி யுரேனியம் கதிர்வீச்சில் ஒரு திசையில் நீண்டு, இன்னொரு திசையில் சுருங்கி உருக்குலையும். எடையில் 7 முதல் 10 சதவீதம் மாலிப்டினம் சேர்த்தால் கனசதுரப் படிக அமைப்பு நிலைத்து, இந்தத் தொல்லை அடங்கும். ஆனால் உலைக்குள் கலவைத் துகளும் அலுமினியமும் வினைபுரிந்து ஒரு படலம் உண்டாகிறது. அதன் ஓரத்தில், அணுப்பிளவில் உண்டாகும் வாயு சேர்ந்து, தட்டு பூரி மாதிரி உப்பிவிடும். நீர் ஓடும் சந்து அடைபடும். அலுமினியத்தில் 2 முதல் 5 சதவீதம் சிலிக்கன் கலந்தால் படலம் வளர்வது மந்தமாகும், நிற்காது. துகளுக்கு சிர்கோனியம் நைட்ரைடு பூசுவது அதைவிட உறுதியான தடுப்பு. தூளே வேண்டாமென்று கலவையைத் தகடாக உருட்டி, இருபுறமும் 25 மைக்ரான் சிர்கோனியம் ஒட்டுவதும் உண்டு. அடர்த்தி 15 கிராமைத் தொடும், செய்வதுதான் கடினம்.

கரையோர உலையைக் கடல்நீராலேயே குளிர்விக்கலாம் என்றும் அதே செய்தியில் இருந்தது. ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் உவர்த்தண்ணீர் பிடித்து வைத்த அலுமினிய அண்டாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளை பூத்திருக்கும். சுரண்டினால் ஊசிமுனைக் குழி தெரியும். உப்பிலுள்ள குளோரைடு செய்யும் வேலை அது. 0.38 மி.மீ. உறை அதற்கு எத்தனை நாள் தாங்கும்? தட்டைத் தொடும் நீர் உப்பு நீக்கிய நீராகவே இருக்க வேண்டும். இரு நீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்தும் வெப்பமாற்றியின் மறுபக்கம் மட்டுமே கடல்நீருக்கு இடம். இரண்டையும் திருத்தி வெளியிடக் கோருகிறோம்.

— அணு எரிபொருள் உலோகவியல் துறை வாசகர்கள், கீழக்கரை