அரிஸ்டாட்டிலுக்கும் தேகார்த்துக்கும் நடுவே ஒரு வெட்டு: பாடத்திட்டக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். முதுகலைத் தத்துவத்துக்கான புதிய வரைவில் அரிஸ்டாட்டில் முடிந்த கையோடு தேகார்த் தொடங்குகிறார். நடுவிலிருந்த தொடக்கக் கிறிஸ்தவச் சிந்தனைத் தாளைச் 'சமயப் பாடம்' என்று நீக்கிவிட்டீர்கள். இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதிகளான விட்கென்ஸ்டைனும் ஹைடெகரும் மட்டும் கட்டாயம். அந்தத் தாளில் இருந்த தொடக்கக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினைத் திரும்பச் சேருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

வகுப்பில் நடப்பதைப் பாருங்கள். 1953-இல் வெளியான விட்கென்ஸ்டைனின் 'தத்துவ ஆய்வுகள்' தொடங்குவதே அகஸ்டினின் மேற்கோளில்தான்: பெரியவர்கள் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி அதன் பக்கம் திரும்பினார்கள், அதைக் கவனித்துப் பேசக் கற்றேன் என்ற பகுதி. அகஸ்டின் தன் வாழ்க்கையைச் சொல்லும் 'கன்ஃபெஷன்ஸ்' முதல் நூல், எட்டாம் அத்தியாயம். 'ஐந்து சிவப்பு ஆப்பிள்' என்ற சீட்டோடு கடைக்குப் போகிறவர் என்ற விட்கென்ஸ்டைனின் எடுத்துக்காட்டு அதற்குப் பிறகுதான் வருகிறது. அகஸ்டினை இந்த ஒரு பத்தியில் மட்டுமே பார்த்த மாணவர், பொருளைச் சுட்டிக்காட்டிச் சொல்லின் பொருளை விளக்குவதில் உள்ள சிக்கலை அகஸ்டின் உணரவே இல்லை என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறார். அது தவறு. மகன் அதியோதாத்துஸுடன் பேசும் 'ஆசிரியர்' என்ற உரையாடலில் அகஸ்டினே அதைக் கேட்கிறார்: நடப்பது என்றால் என்ன என்பவருக்கு நடந்து காட்டினால், நாம் நடந்த அளவுதான் நடத்தல் என்று அவர் எண்ணிவிட மாட்டாரா? இதைப் படிக்காதவருக்கு விட்கென்ஸ்டைன் அகஸ்டினின் எந்த முகத்தோடு வாதாடுகிறார் என்பது எப்படி விளங்கும்? 'தத்துவ ஆய்வுகள்' 89-ஆம் பத்தியில், காலம் பற்றிய 'கன்ஃபெஷன்ஸ்' பதினோராம் நூலின் வரி வரும்போது மறுபடியும் திகைப்புத்தான்.

ஹைடெகரிடமும் இதே கதி. 1920-21 குளிர்காலப் பருவத்தில் ஃப்ரைபர்க்கில் அவர் புதிய ஏற்பாட்டில் உள்ள திருத்தூதர் பவுலின் கடிதங்களைப் பாடமாக நடத்தினார். 1921 கோடையில் 'கன்ஃபெஷன்ஸ்' பத்தாம் நூல். ஆண்டவருடைய நாள் இரவில் திருடனைப்போல வரும் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய வரியில், தேதியைக் கணிப்பதை விட்டு விழித்து வாழ்வதையே அவர் முன்னிறுத்தினார். அவருடைய முதன்மை நூலான 'இருத்தலும் காலமும்' இவற்றுக்குப் பிறகு 1927-இல்தான் வந்தது. அவருடைய மாணவி ஹன்னா ஆரெண்டின் முனைவர் பட்ட ஆய்வே அகஸ்டினின் அன்புக் கோட்பாடு பற்றியது.

சமயம் என்பது காரணமானால், 1997-இல் பவுலைப் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சுத் தத்துவவாதி அலேன் பதியு நாத்திகர் என்பதை நினைவூட்டுகிறோம்.

முழுத்தாள் இயலாதென்றால் நான்கு வாரம் தாருங்கள். 'கன்ஃபெஷன்ஸ்' 1, 10, 11 நூல்கள், 'ஆசிரியர்' உரையாடல், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஆகியவை போதும். விட்கென்ஸ்டைனுக்கு முந்தைய பருவத்தில் வரவேண்டும். பின்னால் வைத்தால் பயனில்லை. வரைவு இறுதியாகும் முன் அகஸ்டினைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள்