திரைப்படச் சங்கம்: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், இல்லை. பொங்கலை ஒட்டிக் குடும்ப விழா நடந்தது. மாணவர்களுக்கான விமர்சனப் போட்டியில் பரிசுகள் வழங்கப்பட்டன. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி முக்கியமான பணிக்கு வருகிறேன். பெரிய பட்ஜெட் ஆக்‌ஷன் தொடர்களைச் சேர்ந்து போய்த் தியேட்டரில் பார்ப்பது, அடுத்த ஞாயிறு மாடி ஹாலில் உட்கார்ந்து பேசுவது என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். 'சண்டைப் படத்துக்கு எதற்குய்யா சங்கம்?' என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். ஊரே பார்க்கும் படத்தைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

மே மாதம், டாம் குரூஸ் உளவாளியாக வரும் 'மிஷன் இம்பாசிபிள்' தொடரின் எட்டாம் படத்தோடு தொடங்கினோம். அமெரிக்காவுக்கு ஆறு நாள் முன்பே, 17ஆம் தேதியே இங்கே வந்துவிட்டது. 22 பேர் பெயர் கொடுத்தார்கள். 14 பேர் வந்தார்கள். மீதி எட்டு டிக்கெட்டைப் பற்றிக் கணக்கில் சொல்கிறேன்.

படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். முன்பாதியில் பழைய படங்களின் துண்டுகளை ஒட்டி ஒட்டி விளக்கம் சொல்லியே பொழுது போகிறது. டாம் குரூஸ் சின்ன விமானத்தின் இறக்கையில் தொங்கும்போது யாரும் பாப்கார்னில் கை வைக்கவில்லை, அது உண்மை. ஆனால் 1996இல் பிரையன் டி பால்மா எடுத்த முதல் படத்தில் அவர் உளவுத்துறையின் கம்ப்யூட்டர் அறையில் திருட இறங்கி, கயிற்றில் தொங்கிக்கொண்டே, மூக்குக் கண்ணாடியில் உருண்ட ஒரு சொட்டு வியர்வையை உள்ளங்கையில் பிடிப்பாரே! அங்கே இசைகூடக் கிடையாது. தரையில் சொட்டு விழுந்தால் அலாரம் அடிக்கும், அவ்வளவுதான் ஆபத்து. இங்கே உலகத்து அணுகுண்டெல்லாம் வெடிக்கப் போகிறது. எனக்கோ சைக்கிள் ஸ்டாண்டை மூடிவிடுவானோ என்ற கவலை. பணம் ஏற ஏறப் பயம் இறங்குகிறது என்றுதான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவந்தேன்.

எட்டாம் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் டன்லோ. முதல் படத்தில் அந்தக் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தவர். மருந்து கலந்த காபியைக் குடித்து வாந்தியெடுத்தவர். யாரோ செய்த திருட்டுக்கு அவரை அலாஸ்காவுக்குத் தூக்கியடித்தார்கள். 29 ஆண்டு கழித்து, அதே நடிகர் ரோல்ஃப் சாக்ஸன் அதே டன்லோவாக வருகிறார். மனைவியோடு நிம்மதியாக இருக்கிறார். அன்று மேலேயிருந்து விழுந்து மேசையில் குத்தி நின்ற கத்தியையும் பத்திரமாக வைத்திருக்கிறார். பொறுப்பில் இருந்தவன் என்ன ஆனான் என்று இத்தனை வருடம் கழித்தாவது திரும்பிப் பார்த்தார்களே. நம் சங்கத்துக்கு இன்னும் அந்த எண்ணம் வரவில்லை.

ஜூனில் 'ஜான் விக்' கிளைக்கதையான 'பாலெரினா'. வந்தவர்கள் 9 பேர். தட்டுகளை மாறி மாறி மண்டையில் உடைக்கும் சண்டைக்கு நானும் சிரித்தேன். ஆனால் 2014இல் வந்த முதல் 'ஜான் விக்' படத்தில், இறந்துபோன மனைவி விட்டுச்சென்ற ஒரு நாய்க்குட்டியைக் கொன்றதில் தொடங்கிய கதை அது. இப்போது யார் யாரை எதற்குச் சுடுகிறார்கள் என்று பக்கத்து சீட்டில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் நம்மூர்ப் பக்கம் வந்தோம். 'கைதி' (2019) ஒரே இரவு, ஒரு லாரி, மகளை முதல்முறை பார்க்கத் துடிக்கும் அப்பா, பாட்டே இல்லை. அதன் கதையை 'விக்ரம்', 'லியோ' படங்களோடு முடிச்சுப் போட்டபின் யார் எந்தப் படத்தில் செத்தார் என்பதற்கே நோட்டுப் போட வேண்டும் என்றேன். இரண்டு இளைஞர்கள் அன்றிரவே வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினார்கள். இருவரும் சந்தா கட்டியவர்கள் வேறு.

அதே கூட்டத்தில், எட்டாம் 'மிஷன்' படத்துக்கு 30 கோடி டாலருக்கு மேல் கொட்டியதாகச் செய்தி வந்ததைக் கண்டித்து ஓர் அன்பர் கால் மணி நேரம் முழங்கினார். அருமையான பேச்சு. அவருடைய 600 ரூபாய் சந்தா இரண்டு வருடமாகப் பாக்கி. அவர் மட்டுமல்ல: உறுப்பினர் 43 பேரில் கட்டியவர்கள் 19. தலைவர் பேச்சு முடிந்ததும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்குகிறவர்கள் யார் யார் என்று மேடையிலிருந்து நன்றாகவே தெரிகிறது.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். ஹால் வாடகை, டீ, ஜெராக்ஸ் செலவுகளுக்கு ரசீது உண்டு. அந்த எட்டு டிக்கெட்டுக்கு நான் கைப்பணம் போட்டேன். அது 'இதர' என்ற தலைப்பில் இருக்கிறது. யாரும் கேட்காததால் அப்படியே இருக்கிறது.

ஹால் உரிமையாளருக்கும், மைக்செட் தம்பிக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் சாவியையும் மினிட் புத்தகத்தையும் இன்றே தந்துவிடுகிறேன். போன ஆண்டும் இதைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினீர்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் விளங்கவில்லை. திட்டம் தொடர வேண்டுமானால் 30 பேராவது சந்தா கட்ட வேண்டும், அப்புறம் பெயர் கொடுத்தவர்கள் படத்துக்கு வர வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். பின்பக்கப் படிக்கட்டு இன்று பூட்டியிருக்கிறது.