புல்வரைப் பற்றி சேகர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர் அண்ணா,

"போர்ப் படம்னு சொன்னே, ஒரு குண்டுகூட வெடிக்கலையே" என்று கேட்டு 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களாம், அண்ணி சொன்னார். வெடிக்கும் அண்ணா, சலவை அறையில்.

1955இல் வந்த படம். கதை நடப்பது இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில், பசிபிக் கடலில், சண்டை நடக்கும் இடத்துக்கு வெகு தூரத்தில், பற்பசையும் கழிப்பறைக் காகிதமும் ஏற்றிப்போகும் ஒரு சரக்குக் கப்பலில். எதிரி என்று பார்த்தால் வெயில், சலிப்பு, அப்புறம் கேப்டன். அதிகமாகச் சரக்கு இறக்கியதற்குப் பரிசாக வந்த தொட்டிப் பனைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அக்கறையில் கால்வாசியைக்கூட ஆட்கள் மேல் காட்டாத அந்தக் கேப்டனாக ஜேம்ஸ் காக்னி. போர்முனைக்கு மாற்றல் கேட்டு மனு மேல் மனு எழுதும் கப்பல் அதிகாரி ராபர்ட்ஸாக ஹென்றி ஃபோண்டா. இதன் மூல நாவலை எழுதிய தாமஸ் ஹெகன் இப்படிப்பட்ட சரக்குக் கப்பலிலேயே வேலை பார்த்தவர். அதனால்தான் அந்தச் சலிப்பு அவ்வளவு நிஜமாக இருக்கிறது, உங்களுக்கும் அதுதான் தாங்கவில்லை போல.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது புல்வருக்காக. நடித்தவர் ஜாக் லெம்மன். கப்பலின் சலவைக்கும் ஆட்களின் உற்சாகத்துக்கும் பொறுப்பான அதிகாரி, இரண்டையும் கவனிக்காமல் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடப்பவர். கேப்டனைப் பழிவாங்க நாளுக்கொரு திட்டம் போடுவார், ஒன்றையும் செய்யமாட்டார். பதினான்கு மாதமாகக் கப்பலில் இருக்கும் இந்த ஆளைக் கேப்டன் பார்த்ததே இல்லை! கடைசியில் நேருக்கு நேர் மாட்டிக்கொள்ளும் காட்சி இருக்கிறதே, அதில் லெம்மன் பயத்தை முகத்தில் மட்டும் வைக்காமல் தோள், முழங்கால், குரல் எல்லாவற்றிலும் வைத்திருப்பார். அதில் சிரித்துவிடாமல் இருக்கவே லெம்மனோடு திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது என்று காக்னியே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஸ்காட்ச் தயாரிக்கும் காட்சி வரை வந்தீர்களா? ஒரு நர்ஸை மயக்கப் புல்வருக்கு ஸ்காட்ச் வேண்டும், கப்பலில் கிடையாது, டாக்டரான வில்லியம் பவல் சாராயத்தில் கோகோ கோலாவும் ஒரு சொட்டு அயோடினும் தலைக்குத் தடவும் டானிக்கும் கலந்து "தயாரிப்பார்". பவலுக்கு இதுதான் கடைசிப் படம், குரலைக்கூட உயர்த்தாமல் நடித்திருப்பார். பக்கத்தில் லெம்மன் துள்ளத் துள்ள அது இன்னும் எடுபடுகிறது.

இயக்குநர் ஜான் ஃபோர்டுக்கும் ஃபோண்டாவுக்கும் படப்பிடிப்பில் கைகலப்பே நடந்தது, அப்புறம் ஃபோர்டின் உடல்நிலையும் மோசமாகி மெர்வின் லிராய் வந்து முடித்தார். அந்த ஒட்டு ஆங்காங்கே தெரியும், மறுக்கவில்லை. மாலுமிகள் கூட்டமாகக் கலாட்டா பண்ணும் சில இடங்கள் எனக்கும் சத்தம்தான். ஆனால் புல்வர் வரும் இடங்களில் ஒட்டு எதுவும் கண்ணில் படாது. லெம்மன் நிஜத்திலும் கடற்படையில் இளம் அதிகாரியாக இருந்தவர், சும்மா இருந்துகொண்டே பரபரப்பாகத் தெரிவது எப்படி என்பதை அங்கேதான் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

இனி சொல்வது முடிவு, வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ராபர்ட்ஸுக்கு மாற்றல் கிடைத்துப் போய்விடுகிறார். அவர் எழுதிய கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிற புல்வர், அடுத்து வேறொரு நண்பன் எழுதியதைப் பிரிக்கிறார். ராபர்ட்ஸ் ஜப்பானிய விமானத் தாக்குதலில் செத்துப்போனார், அதுவும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது. லெம்மன் அழுது தீர்ப்பதில்லை. எழுந்து போய்ப் பனையைத் தூக்கிக் கடலில் எறிகிறார், கேப்டன் அறைக்குள் புகுந்து இன்றைக்குக் கப்பலில் படம் போடமாட்டீர்களாமே, என்ன இது என்று கத்துகிறார். ஒன்றுமே செய்யாத ஆளாக இரண்டு மணி நேரம் நம்மைச் சிரிக்கவைத்ததெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்குத்தான் அண்ணா. நல்லவராகவே தொடங்கி நல்லவராகவே முடிகிற ராபர்ட்ஸைவிட இது கஷ்டமான வேடம். சிறந்த துணை நடிகர் ஆஸ்கரை லெம்மனுக்குக் கொடுத்தார்கள், ஃபோண்டாவுக்குப் பரிந்துரைகூட வரவில்லை.

மிச்சத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். 1964இல் புல்வர் பெயரிலேயே ஒரு தொடர்ச்சி வந்தது, அதில் லெம்மன் இல்லை, அதைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி