பெயர் விடுபட்ட ஷெரீப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான, ஹாலிவுட்டின் நகைச்சுவை கௌபாய் படங்களைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1974-இல் வெளிவந்த 'பிளேசிங் சாடில்ஸ்' படத்துக்கு அதில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி தந்தது. ஆனால் இயக்குநர் மெல் புரூக்ஸ், நடிகர்கள் ஜீன் வைல்டர், மேடலின் கான், ஹார்வி கோர்மன் என்று பலரையும் பெயர் சொல்லிப் பாராட்டிய கட்டுரையாளர், படத்தின் கதாநாயகனை மட்டும் 'ஒரு கறுப்பின நடிகர்' என்று சொல்லிக் கடந்து போய்விட்டார். அந்த நடிகரின் பெயர் கிளீவன் லிட்டில். வேறு படமாக இருந்திருந்தால் இதைச் சிறு விடுபடல் என்று விட்டிருப்பேன். ஓர் ஊரே ஒரு மனிதனின் தோல் நிறத்தைத் தவிர அவனிடம் வேறெதையும் பார்க்க மறுப்பதுதான் இந்தப் படத்தின் கதை என்பதால், அப்படி விட என்னால் இயலவில்லை.

கதை 1874-இல் நடக்கிறது. புதிதாகப் போடப்படும் ரயில் பாதை, வழியில் இருக்கும் புதைமணலைச் சுற்றிக்கொண்டு ராக் ரிட்ஜ் என்ற சிற்றூர் வழியாகப் போக வேண்டிய நிலை வருகிறது. அங்குள்ள நிலங்களை அடிமாட்டு விலைக்கு வளைக்க நினைக்கும் அரசு வழக்கறிஞர் ஹெட்லி லமார், ஊராரை விரட்ட அடியாட்களை ஏவுகிறான். பாதுகாப்புக்கு ஷெரீப், அதாவது ஊர்க் காவல் தலைவர், வேண்டும் என்று ஊரார் ஆளுநரிடம் கேட்கும்போது, தூக்குத் தண்டனைக்குக் காத்திருக்கும் பார்ட் என்ற கறுப்பினத் தொழிலாளியை லமார் அனுப்பி வைக்கிறான். கறுப்பர் ஒருவரின் அதிகாரத்தின் கீழ் வாழ்வதைவிட ஊரைக் காலி செய்வதே மேல் என்று அந்த மக்கள் நினைப்பார்கள் என்பது அவன் போடும் கணக்கு.

கறுப்பர் ஒருவர் காவல் அதிகாரியாவது வெறும் கேலிக்கான கற்பனை என்று கட்டுரை சொல்வது சரியன்று. அடிமையாகப் பிறந்த பாஸ் ரீவ்ஸ் என்பவர் 1875-இல், அதாவது இந்தக் கதை நடப்பதாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்க அரசின் காவல் அதிகாரியான துணை மார்ஷலாகப் பொறுப்பேற்று, இன்றைய ஓக்லஹோமா மாநிலப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவாளிகளைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தினார். மாடு மேய்த்துச் சென்ற கௌபாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் மதிப்பீடு. இவர்களைத் திரையிலிருந்து நீக்கியவை, கட்டுரை 'அசல்' என்று குறிப்பிடும் பழைய படங்கள்தாம். அதே ஓக்லஹோமாவில், சிக்கஷா என்ற ஊரில், 1939-இல் பிறந்தவர் லிட்டில்.

படத்தின் மூலக் கதையை எழுதியவர் ஆண்ட்ரூ பெர்க்மன். பிறகு புரூக்ஸ், பெர்க்மன், ரிச்சர்ட் பிரையர், நார்மன் ஸ்டைன்பெர்க், ஆலன் யூகர் ஆகிய ஐவரும் சேர்ந்து திரைக்கதையை எழுதினார்கள். பார்ட் வேடத்தில் பிரையரையே நடிக்க வைக்க வேண்டும் என்று புரூக்ஸ் விரும்பினார். அப்போதே பெரும் மேடை நகைச்சுவைக் கலைஞராக இருந்தும், படநிறுவனம் அவரை ஏற்கவில்லை. அதனால்தான் அந்த வேடம் லிட்டிலிடம் வந்தது. இதை வைத்து அவரைக் கிடைத்த இடத்தில் அமர்ந்த மாற்று நடிகராகச் சிலர் பேசுவதுண்டு. 'பர்லி' என்ற இசை நாடகத்தில் நாயகனாக நடித்து, 1970-இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கான மிக உயர்ந்த டோனி விருதைப் பெற்றுவிட்டுத்தான் அவர் இந்தப் படத்துக்கு வந்தார். ஜீன் வைல்டரும் மாற்றாக வந்தவரே. முதலில் ஒப்பந்தமான கிக் யங் படப்பிடிப்பின் முதல் நாளிலேயே உடல்நலம் குன்றி விழுந்ததால், வைல்டர் அவசரமாக அழைக்கப்பட்டார். அவரை அந்தப் பெயரில் யாரும் குறைத்துப் பேசுவதில்லை.

பீன்ஸ் தின்ற அடியாட்கள் தீமூட்டி அமர்ந்திருக்கும் இரவுக் காட்சியைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாக எழுதியிருக்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துச் சிரிப்பவன்தான். ஆனால் இந்தப் படத்தின் உயிர் புதிய ஷெரீப் ஊருக்குள் நுழையும் காட்சியில் இருக்கிறது. வரவேற்கக் கூடியிருந்த கூட்டம் அவர் நிறத்தைக் கண்டதும் துப்பாக்கிகளை நீட்டுகிறது. பார்ட் தன் கைத்துப்பாக்கியை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்து, தன்னையே பிணைக்கைதியாகப் பிடித்துக்கொள்கிறார். ஒரு குரலில் ஊரை மிரட்டுகிறார். மறு குரலில், பழைய படங்களில் கறுப்பர்களுக்கென்றே எழுதப்பட்ட நடுங்கும் வேலைக்காரனின் பேச்சில், தன்னைக் காப்பாற்றும்படி கெஞ்சுகிறார். கொல்ல வந்தவர்களே பதறிப்போய் வழிவிடுகிறார்கள். தன்னைத் தானே இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு, அவர் முகத்தில் அமைதியாக ஒரு நிறைவு மலர்கிறது. தன்மீது சுமத்தப்பட்ட வேடத்தை அந்த மக்கள் எவ்வளவு எளிதாக நம்பிவிட்டார்கள் என்பதை அவர் அறிந்திருக்கிறார் என்பதற்கு அந்த முகமே சாட்சி. ஒரே உடலில் இரண்டு ஆட்களைக் காட்டி, மூன்றாவதாகத் தன்னையும் காட்டிய அந்த நடிப்பைப் பெயரில்லாத ஒருவரின் கணக்கில் எழுதலாமா?

வைல்டருடன் வரும் சிறைக்காட்சிகளிலும் அவர் ஒருபோதும் முண்டியடிப்பதில்லை. சுற்றிலும் எல்லோரும் உரக்கக் கத்தும் படத்தில், குரலை உயர்த்தாமல் நிற்கும் ஒருவர் இருப்பதால்தான் மற்றவர்களின் கூச்சல் நகைப்புக்குரியதாகிறது. இதைச் சொல்வதால் மற்றவர்களின் உழைப்பு குறைந்துவிடாது. மேடலின் கானுக்குக் கிடைத்த ஆஸ்கர் பரிந்துரை முற்றிலும் தகுந்ததே. முகப்புப் பாடலைப் பாடிய ஃபிராங்கி லேன், இது கேலிப்படம் என்று அறியாமல், உண்மையான கௌபாய் படம் என்றே நம்பி உருகிப் பாடியதால்தான் அந்தப் பாட்டுக்கு அத்தனை கனம் கிடைத்தது.

லிட்டிலுக்கு இதற்கு இணையான திரைவேடம் பிறகு அமையவில்லை. 1989-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் சிறப்பு வேடத்தில் நடித்து எம்மி விருது பெற்ற அவர், 1992-இல், 53 வயதில், புற்றுநோயால் இறந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் படத்தைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் 2006-இல் சேர்த்தபோது அவர் இல்லை.

இந்தக் கட்டுரைத் தொடர் நூலாக வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் 'ஒரு கறுப்பின நடிகர்' என்பதை நீக்கி, 'கிளீவன் லிட்டில்' என்று அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.