துணிச்சல் வேறு, வீரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாதம் எங்கள் ஊரில் ஓர் இளைஞனின் இறுதி ஊர்வலம் நடந்தது. குண்டர் கும்பல் மோதலில் வெட்டுப்பட்டு இறந்தவன். அவன் கையால் வெட்டுப்பட்டவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். முன்னால் உறுமி மேளம், பின்னால் மோட்டார் சைக்கிள் வரிசை. சாலையோர ஒட்டுக்கடைக்கு எதிரே கட்டியிருந்த பதாகையில் அவன் படத்துக்குக் கீழே 'மாவீரன்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதை எழுத்துக்கூட்டித் தன் தம்பிக்குப் படித்துக் காட்டிய சிறுமிக்கு எட்டு வயதுகூட இருக்காது. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், இதை எழுதாமல் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கொடுமை செய்கிறவர்களைக் 'கோழைகள்' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். நானும் வகுப்பில் பல காலம் அப்படித்தான் சொல்லி வந்தேன். பையன்கள் நம்பவில்லை, நம்பாததில் நியாயமும் இருந்தது. பாராங் கத்தியோடு ஐந்து பேர் எதிரே வந்தபோதும் ஓடாமல் நின்றவனை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கில் விமானத்தைக் கட்டடத்தில் மோதியவனும், தானும் அதிலேயே சாம்பலாவோம் என்று அறிந்துதான் மோதினான். சாவுக்கு அஞ்சாதவனைக் கோழை என்பது பொய். அந்தப் பொய்யைக் கண்டுகொண்ட பையன், கோழை இல்லையென்றால் வீரன்தானே என்று மறுபக்கம் சாய்ந்துவிடுகிறான்.

தமிழில் இந்த இரண்டு சொற்கள் மட்டும்தானா இருக்கின்றன? நகைக்கடையில் புகுந்து கொள்ளையடித்தால் உங்கள் நாளிதழ் 'துணிகரக் கொள்ளை' என்று தலைப்பிடுகிறது. 'வீரக் கொள்ளை' என்று எந்தத் தமிழரும் எழுத மாட்டார். கையில் நடுக்கம் இல்லாமைக்குத் துணிச்சல் என்று பெயர். 'தீவினையார் அஞ்சார்' என்று வள்ளுவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த அஞ்சாமையை அவர் பாராட்டவில்லை. தீவினைக்கு அஞ்சுகிறவர்களைத்தான் விழுமியார் என்கிறார்.

பழந்தமிழில் 'மறம்' என்ற ஒரே சொல் வீரத்தையும் குறித்தது, பாவத்தையும் குறித்தது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் அந்த மறத்தைப் பாடிய புறநானூற்றிலேயே, அம்பு விடுவதற்கு முன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் நோயாளிகளையும் பிள்ளை பெறாதவர்களையும் அரண் தேடிப் போகச் சொல்லும் ஒன்பதாம் பாட்டும் இருக்கிறது. எதிரே நிற்பவர் யார் என்று பார்த்த பிறகே வில்லை வளைப்பது அந்த மறத்தின் இலக்கணம்.

1948 ஜூன் 16ஆம் நாள் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களைக் காலையில் வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களத்தில் நம்மவர்கள் பட்ட அவமானங்களைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். துரைமார்கள்மீது இருந்த கோபம் எனக்குப் புரியாததல்ல. ஆனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரைச் சுட்டதை என்னால் வீரம் என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங்காலியில் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் படையினருக்கும் இதே அளவுகோல்தான். அவர்களில் சிலர் வேறொரு களத்தில் உண்மையிலேயே வீரர்களாக இருந்திருக்கலாம். அன்று செய்த காரியத்தில் அந்த வீரத்துக்கு வேலையே இருக்கவில்லை.

பையன்களுக்கு ஒருவரைக் காட்ட வேண்டுமானால், நான் இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பாப்பானுக்கு அழைத்துப் போவேன். ஜப்பானியர் காலத்தில் அந்த ஈயச் சுரங்க ஊரில், ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுக் காயம்பட்ட கெரில்லாக்களுக்கு இரவில் ரகசியமாக மருந்திட்டவர் தாதி சிபில் கார்த்திகேசு. கெம்பித்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள். சின்ன மகளைத் தீயின்மேல் தொங்கவிட்டு மிரட்டினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. உடல் தேறாமலே, 1948 ஜூன் 12ஆம் நாள், எங்கள் ஊரில் துப்பாக்கி வெடிப்பதற்கு நான்கு நாள் முன்னர், பிரிட்டனில் காலமானார். அவருக்கும் பயம் இருந்திருக்கும்; மகளை அந்த நிலையில் பார்த்த தாய்க்கு எப்படி இல்லாமல் போகும்? அவரை வதைத்தவர்களுக்குத்தான் அந்த அறையில் பயப்பட எதுவுமே இல்லை.

இறந்த இளைஞனின் தாய் அன்று ஊர்வலத்தின் கடைசியில், தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் நடந்துபோனார். அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அஞ்சலிப் பதாகை கட்டுவதும் குற்றமில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடும்படி இளைஞர்களிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கேட்டிருக்கிறேன். இத்தகைய ஊர்வலங்களின் படத்தை வெளியிட நேர்ந்தால், தங்கள் நாளிதழும் அந்தச் சொல் தெரியாதபடி வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பதாகை இன்னும் ஒட்டுக்கடைக்கு எதிரேதான் தொங்குகிறது. பள்ளிப் பேருந்து தினமும் அங்கேதான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேரா, மலேசியா