கம்பெனி ஹாரனைக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிக்கப் வண்டிக்கு, கம்ப்ரஸர் தரும் காற்றைக் குழலில் ஊதிச் சத்தமிடும் ஏர் ஹாரன் பொருத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கம்ப்ரஸரை எங்கே வைப்பது, சைலன்ஸர் சூட்டிலிருந்து டியூபை எப்படி விலக்கிக் கொண்டுபோவது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. தண்ணீர் தேங்காமலிருக்கக் குழலின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும் என்று சொன்னதும் நல்ல யோசனை. ஆனால், பழைய ஹாரனைக் கழற்றிவிட்டு அதே ஒயரில் இதை இணைத்துக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் அப்படித்தான் செய்தேன்.

என்னுடையது காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் இல்லாத சின்ன செட். இரண்டு குழல், கைக்கு அடக்கமான ஒரு கம்ப்ரஸர், அவ்வளவுதான். வண்டியோடு வரும் கம்பெனி ஹாரன் 5 ஆம்பியர் அளவில் இழுக்கும். இந்தக் கம்ப்ரஸர்கள் 15, 20 ஆம்பியர் வரை கேட்கும். மூன்றாம் நாளே ஃபியூஸ் போயிற்று. அந்த இடத்தில் பெரிய ஃபியூஸாக ஒன்றைச் செருகினேன். அப்புறம் ஃபியூஸ் போகவில்லை, ஒயர் போனது. ஒரு நாள் கருகல் வாடை அடிக்கிறதே என்று பானட்டைத் திறந்தால், ஹாரன் ஒயரின் மேலுறை உருகிப் பக்கத்து ஒயர்கள் இரண்டோடு ஒட்டிக் கிடந்தது. தொட்டதும் பிசின் மாதிரி விரலோடு இழுபட்டது. இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஃபியூஸ் இருப்பதே ஒயரைக் காப்பாற்றத்தான். அது போகிறது என்றால் பெரியதாக மாற்றாமல், ஏன் போகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

பிறகு முறையாகச் செய்தோம். பேட்டரியிலிருந்து தடிமனான தனி ஒயர், பேட்டரியை ஒட்டியே அதற்கொரு ஃபியூஸ். அந்த ஒயர், சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டை இணைத்துவிடும் சுவிட்சான ரிலேயின் 30-ஆம் எண் முனைக்கு வந்து, 87-லிருந்து கம்ப்ரஸருக்குப் போகும். 85, 86 இரண்டும் சுவிட்ச் பக்கம். சுவிட்ச் வழியே ஓடுவது ரிலேயை இழுக்கத் தேவையான சொற்பக் கரண்ட் மட்டுமே. தகட்டு ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அதிர்வில் உரசி உரசியே ஒயர் வெட்டுப்பட்டுவிடும்.

ஆனால் ஒயரிங்கைச் சரிசெய்தபோதும் ஸ்டீயரிங் பட்டனில் ஏர் ஹாரனையே வைத்திருந்தேன். அதுதான் பெரிய தப்பு. ஒரு காலை, குறுகிய சாலையில் முன்னால் வயதான ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஐந்தாறு மீட்டர் இருக்கும். ஓரமாகப் போகட்டும் என்று லேசாகத்தான் தட்டினேன். ஏர் ஹாரனில் லேசாக என்று ஒன்று கிடையாது. அவர் ஒதுங்கவில்லை. தூக்கிவாரிப்போட்டு, ஹேண்டில் திரும்பி, நடுரோட்டிலேயே சாய்ந்தார். பிரேக் பிடித்துவிட்டேன், அடி ஒன்றும் பெரிதாக இல்லை. இறங்கி ஓடினேன். சைக்கிளின் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாகன ஹாரன்களுக்கான ஐ.நா. விதி எண் 28, வண்டிக்கு முன்னால் 7 மீட்டரில் அளந்தால் ஒலி 112 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு அதில் பாதிகூடத் தெரிவதில்லை. எதிரில், திறந்த வெளியில் இருப்பவர் காதில்தான் முழுதாக விழுகிறது.

டேங்க் வைத்த பெரிய செட்டுக்கும் இதையேதான் சொல்வேன். நாலைந்து முறை நீட்டி அடித்தால் காற்று இறங்கிவிடும், கம்ப்ரஸர் மறுபடி நிரப்பும்வரை காத்திருக்க வேண்டும். டியூப் ஒன்று கழன்றாலோ சத்தமே வராது. கம்பெனி ஹாரனும் இல்லாத வண்டியில் அந்த நேரம் கையில் ஒன்றுமே இருக்காது.

இப்போது என் வண்டியில் ஸ்டீயரிங்கை அழுத்தினால் பழைய ஹாரன்தான் அடிக்கும். ஏர் ஹாரனுக்கு டேஷ்போர்டில், எட்டி அழுத்தும்படி தனிப் பட்டன் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி என்னைக் கவனிக்காமல் என் பக்கம் சாய்ந்து வந்தபோது அது காப்பாற்றியது உண்மை. அதனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில இடங்களில் தனியார் வண்டிக்கு ஏர் ஹாரனுக்கே அனுமதி கிடையாது, அதையும் வாங்குவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இதழிலேயே அந்த வரியைத் திருத்தி, ரிலேயும் தனிப் பட்டனும் காட்டும் ஒயரிங் படம் ஒன்றைப் போடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டிங் பிளேயரோடு பானட்டைத் திறக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டும் வாசகர்