பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: இரண்டு மதிப்பெண் விவகாரம்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். எந்த வரியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இது மூன்றாவது கடிதம். "வேளாண்மை கற்ற பிறகே மனிதன் உயர்ந்த மலைகளில் குடியேறினான்." அந்த வரியை நீக்குங்கள். முந்தைய இரண்டு கடிதங்களிலும் கேட்டது இதைத்தான்.

அரையாண்டுத் தேர்வில் என் மாணவி ஒருத்தி, அந்த வரியை ஒட்டிக் கேட்ட இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எத்தியோப்பியாவின் பாலே மலையைப் பற்றி எழுதினாள். அங்கே ஏறத்தாழ 3,470 மீட்டர் உயரத்தில் ஃபின்ச்சா ஹபேரா என்றொரு பாறைக் குடைவு. 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வேட்டையாடிகள் அங்கே திரும்பத் திரும்ப வந்து தங்கியிருக்கிறார்கள். ஆய்வு வெளியானது 2019-இல். அவர்கள் தங்கிய காலம் பனி யுகம். கீழே நிலம் வறண்டு கிடந்தபோது மேலே பனியாறு உருகித் தண்ணீர் கிடைத்தது. சாப்பாட்டுக்கு, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெரிய எலி. தீயில் வாட்டிய எலும்புகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கருவி செய்ய எரிமலைக் கண்ணாடிக்கல் வேண்டி 4,200 மீட்டருக்கு மேலேயும் ஏறியிருக்கிறார்கள். உழவு தொடங்கி ஏறக்குறைய 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. கழித்துப் பார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

விடைக்குறிப்பில் இல்லை என்று அவளுக்குச் சுழியம் போட்டார்கள். திருத்தியவரைக் குறை சொல்லமாட்டேன். நானும் கட்டுக்கட்டாகத் திருத்துகிறவன்தான். அப்புறம் திருப்புதல் தேர்வில் அதே வினா வந்தது. உங்கள் வரியை ஒரு எழுத்து மாறாமல் எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கினாள். தாளை என்னிடம் நீட்டியவள் ஒன்றும் பேசவில்லை.

ஆண்டுதோறும் அட்டைப்படத்தை மாற்ற உங்களுக்கு நேரம் கிடைக்கிறது. உள்ளே ஆதிமனிதன் மட்டும் அதே தடியைத் தோளில் போட்டுக்கொண்டு அதே குகை வாசலில் நிற்கிறான், பாவம். பெருவில் 4,480 மீட்டரில் உள்ள குன்காய்ச்சா குடைவில் சுமார் 12,400 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் தங்கிவிட்டார்கள். மூச்சு முட்டும் உயரம் அது. அவர்கள் ஏறிவிட்டார்கள், நம் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஏறவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். அடுத்த பதிப்பில் அந்த வரியை நீக்குங்கள். அதுவரை விடைக்குறிப்பைத் திருத்தி ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய இரண்டு தாள்களின் நகலையும் பெயரை மறைத்து இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியர்